முணுமுணு டாக்டருக்குத் தலைமைப் பயிற்சி

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல டாக்டருக்குத் தலைமைப் பண்பு வந்தது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். காய்ச்சல் மாதிரி ஒரே நாளில் வரவில்லை. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஏசி அரங்கத்தில் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். முடிவில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்னும் அவர் அறைச் சுவரில் தொங்குகிறது.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் நீளமே தவிர வேலை ஒன்றுதான். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது. நர்ஸாகச் சேர்ந்தவள், பத்தொன்பது வருடமாக இந்தப் பட்டியலோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். அதை நான் மறுத்ததில்லை.

டாக்டர் ஒரு தையற்காரரின் மகன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். அளவெடுக்கும்போது எழுதிக்கொள்ள ஆள் கிடையாது. அப்பாவின் வாயில் எப்போதும் குண்டூசி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் பக்கத்தில் நின்று, மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழு, கை இருபத்து நாலு என்று முணுமுணுத்து மனதில் ஏற்றிக்கொள்வான். கடை மூடும்போது ஒப்பிப்பான். ஒரு எண் பிசகினால் ஒருவருடைய சட்டைத் துணி வீண். அவன் பிசகவிட்டதே இல்லை என்று அந்த அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படித்து, சிறுநீரக டாக்டராகி, முப்பத்தாறாவது வயதில் எங்கள் பிரிவுக்கு வந்தார். வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். கிரியாட்டினின் எட்டு, ஹீமோகுளோபின் ஒன்பது, எடை ஐம்பத்து மூன்று. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுவார். சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். ஆனால் அந்த ஆளின் மூன்று வருடத்து ரத்தப் பரிசோதனை முழுவதும் நாக்கு நுனியில் இருக்கும். முணுமுணு டாக்டர் என்று வார்டில் பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் போனது. கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என் மேசைக்கு வருவார். நான் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். நூற்று அறுபது பேர். ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “இருமல் நின்னுச்சா?” “அந்த ஸ்கேன் எடுத்தாரா?” “மாமனார் வீட்டுக்குப் போறேன்னாரே, வந்துட்டாரா?” ஒன்றரை மணி நேரம் ஆகும். டீ ஆறிவிடும். குடிக்க மறந்துவிட்டு எழுந்து போவார்.

முதலில் படிப்பது எப்போதும் ‘நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்’ பெயரைத்தான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காத்திருப்பவருக்குக் காய்ச்சலோ புண்ணோ வந்தால், குணமாகும்வரை அவர் பெயரை நிறுத்தி வைப்போம். அந்த நிலையில் வேறு ஒருவரின் உறுப்பை உள்ளே வைத்தால் உயிருக்கே ஆபத்து. பெயர் பட்டியலில்தான் இருக்கும். ஆனால் எங்கேயாவது ஒரு சிறுநீரகம் கிடைத்து, யாருக்கு என்று கம்ப்யூட்டர் தேடும்போது அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடும். குணமானதும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, மறுபடி சேர்க்க வேண்டும். தானாகச் சேராது. நோயாளிக்கும் தெரியாது. தான் வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவார்.

அந்தப் பட்டியலில் டிரைவரம்மா ஒருவர். நகரப் பேருந்தைப் பதினைந்து வருடம் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போனபிறகு ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பணிமனை ஜன்னலில் உட்காரவைத்துவிட்டார்கள். மற்ற டிரைவர்களுக்கு வேலைச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. திங்கள், புதன், வெள்ளி காலையில் எங்களிடம் டயாலிசிஸ். நான்கு வருடம். மூன்று பிள்ளை பெற்றதில் அவர் ரத்தம் அயலார் உறுப்புகளோடு சண்டை போடக் கற்றுக்கொண்டிருந்தது. சில பெண்களுக்கு அப்படி ஆகும். நூறு சிறுநீரகம் வந்தால் அவருக்கு ஒத்துவருவது இரண்டோ மூன்றோ. கணவர் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தார். சோதித்துப் பார்த்தால் முதல் சண்டையே அதோடுதான்.

“இருபத்தி ரெண்டு வருஷமா மனுஷனையே ஒத்துக்கிட்டேன். அவர் கிட்னிய ஒத்துக்க மாட்டேங்குதாம் இந்த உடம்பு. ரோஷத்தப் பாருங்க சிஸ்டர்” என்றார் என்னிடம்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை டாக்டரிடம் கேட்டார். “டாக்டர், பிரேக் டவுன் ஆன வண்டியில ஜனங்க எவ்ளோ நேரம் உக்காருவாங்க? அரை மணி? அப்பறம் இறங்கி நடந்துருவாங்க இல்ல? நான் எங்க இறங்குறது?” டாக்டர் அவருடைய காக்கிச் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, “உங்களுக்கு ஒத்து வர்றது வந்தா, விட மாட்டேம்மா” என்றார். அவர் சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் பழைய இயக்குநர் ஓய்வு பெற்றார்.

மருத்துவ உலகத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. நன்றாக வைத்தியம் பார்க்கிற ஒருவரைப் பிடித்து, வைத்தியம் பார்க்கவிடாமல் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் ஆஸ்பத்திரி செழிக்கும் என்று. முணுமுணு டாக்டரைப் பிடித்தார்கள். அவருக்குக் கூட்டத்தில் பேச வராது. ஆளை வேலை வாங்கத் தெரியாது. விடுமுறை கேட்டு யார் வந்தாலும், தான்தான் தப்புச் செய்த மாதிரி கையெழுத்துப் போட்டுவிடுவார். “அதுக்கென்ன, பயிற்சி இருக்கு” என்றார் நிர்வாகி. ஆஸ்பத்திரியில் எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவர் அவர். நோயாளி இருக்கும் அறைக்குள் மட்டும் நுழைந்து நான் பார்த்ததில்லை. உறுப்பு மாற்றுப் பிரிவின் இயக்குநர் நிர்வாகப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, அதைச் சுமப்பது எப்படி என்று வகுப்பும் எடுப்பது என்று முடிவானது.

பயிற்சி கொடுத்தவர் டாக்டர் இல்லை. ஒரு விமான நிறுவனத்தில் பயணிகளின் பெட்டிகளைக் கவனிக்கும் பிரிவில் இருபது வருடம் தலைவராக இருந்தவராம். அவர் காலத்தில் எத்தனை பெட்டி தொலைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே பல ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த பெரிய பெரிய டாக்டர்கள் காகிதக் கப்பை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். எங்கள் டாக்டரின் குழு கட்டியதுதான் உயரமான கோபுரம். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், சக தலைவர் பிடித்துக்கொள்வார், அதில் நம்பிக்கை வளரும் என்று ஒரு பயிற்சி. எங்கள் டாக்டர் சாய்ந்தார். பின்னால் நின்ற காது மூக்கு தொண்டை டாக்டருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. ஒரு வாரம் கழுத்தில் பட்டையோடு நடந்தார் எங்கள் இயக்குநர்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பாடம் நன்றாக இருந்தது. நான் பிறகு வாங்கிப் படித்தேன். ஏழாவது பாடம். எந்த வேலையானாலும் அதன்மேல் ஒரே ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும், இரண்டு பேர் பெயர் இருந்தால் அது யாருடைய வேலையும் இல்லை என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அந்த வகுப்பு நடந்த அன்று எங்கள் டாக்டர் போகவில்லை. முந்தைய நாள் வைத்த சிறுநீரகத்தில் சிறுநீர் நின்றுவிட்டது. பகல் முழுக்க அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பையில் மூன்று சொட்டு விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பயிற்சியில் உருப்படியாக இருந்த ஒரே நாளில் அவர் டாக்டராக இருக்கப் போய்விட்டார்.

சான்றிதழ் வாங்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, நான் பட்டியலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். வந்தார். உட்காரவில்லை.

“சிஸ்டர், இனிமே இது வேண்டாம்.”

“எது டாக்டர், டீயா?”

“இல்ல, இப்படி ஒவ்வொரு பேரா படிக்கிறது. தலைவரா இருக்கறவர் பட்டியலப் பாக்கக் கூடாதாம். பட்டியலப் பாக்கறவங்களத்தான் பாக்கணுமாம்.”

“யாரு சொன்னது? பெட்டி தொலைச்சவரா?”

முன்பென்றால் குனிந்துகொண்டு சிரித்திருப்பார். இப்போது என்னை நேராக, முகத்தைப் பார்த்தார். அதையும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. “மாற்றத்துக்கு எதிர்ப்பு வர்றது இயல்புதான் சிஸ்டர்” என்றார். பதினாலு வருடப் பழக்கத்தில் அன்றுதான் அவரை அடிக்க வேண்டும் போல் எனக்கு இருந்தது.

பிறகு வந்தன சீர்திருத்தங்கள். வராந்தாவில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். பட்டியல் நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. வரிசையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பரிசோதனை எல்லாம் முடிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஆகவே ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய் நிறுத்தி வைத்தால் திரை இன்னும் கொஞ்சம் பச்சையாகும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நிர்வாகி அந்தப் பச்சையைக் காட்டினார்.

மறுபடி சேர்க்கும் பொத்தானை அழுத்தும் உரிமை என்னிடமிருந்து போனது. அதற்கு ஒரு ‘மறுசேர்ப்புக் குழு’. ஐந்து பேர், மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு படிவம். குழு சரி என்றால் இயக்குநர் தன் கணக்கில் நுழைந்து பொத்தானை அழுத்துவார். வெளியிலிருந்து வரும் கடிதங்கள் என் பெயருக்கு வராமல் ஒரு பொதுப் பெட்டிக்கு வரும். கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அப்போதுதான் குழு உணர்வு வளருமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே ஐந்து பூசாரி.

இந்த ஏற்பாடு வந்த இரண்டாவது வாரத்தில் டிரைவரம்மாவுக்குப் பல்லில் சீழ் வைத்தது. சரியான முறையில் பெயரை நிறுத்தினோம். பதினைந்தே நாளில் இரண்டு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கி, புண் ஆறி, ‘இனி சேர்க்கலாம்’ என்று பல் டாக்டர் கடிதம் அனுப்பிவிட்டார். கடிதம் பொதுப் பெட்டியில் விழுந்தது. டிரைவரம்மா வழக்கம்போலத் திங்கள், புதன், வெள்ளி வந்து நாலு மணி நேரம் படுத்துவிட்டுப் போனார். ஒரு நாள் என்னைப் பார்த்து, “என்ன சிஸ்டர், நம்ம டாக்டர் இப்பல்லாம் முணுமுணுக்கறதே இல்ல? வாயில புண்ணா?” என்று கேட்டார். “பதவி” என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து வாரம் கழித்துப் பல் டாக்டர் எனக்கு போன் செய்தார். வேறொரு விஷயமாகப் பேசிவிட்டு, வைக்கும்போது, “அந்த பஸ் ஓட்டுறவங்க நேத்து பல் கட்ட வந்தாங்க. இன்னும் கிட்னி வரலைன்னாங்களே, நான் அப்பவே லெட்டர் அனுப்பிட்டேனே?” என்றார்.

பொதுப் பெட்டியைத் திறந்தேன். கடிதம் இருந்தது. ‘பார்க்கப்பட்டது’ என்று பச்சைக் குறியோடு இருந்தது. நான்கு பேர் பார்த்திருந்தார்கள். முதலில் பார்த்தவர் குழுவின் செயலாளர். இரண்டாவது அறுவைப் பிரிவு டாக்டர். மூன்றாவது இயக்குநர். நான்காவதாக இருந்தது என் பெயர். ஞாபகம் வந்துவிட்டது. மூன்று பேர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களே, அவர்களில் யாராவது படிவம் போட்டிருப்பார்கள் என்று மூடிவிட்டேன். படிவம் போட்டவர் யாருமில்லை. படிவம் இல்லாததால் குழுவுக்கு எதுவும் போகவில்லை. குழு இரண்டு தடவை கூடி, ‘விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லை’ என்று எழுதி, பத்தே நிமிடத்தில் கூட்டத்தை முடித்ததற்காகத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டிருந்தது.

உறுப்பு ஒதுக்கும் அலுவலகத்தின் வாராந்தர அறிக்கைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஒரு சிறுநீரகம். ரத்த வகை சரி. திசு வகையை டிரைவரம்மாவின் காகிதத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். சண்டை போட எதுவும் இல்லை. நூற்றில் இரண்டோ மூன்றோ என்றேனே, அதில் ஒன்று. காத்திருந்த காலத்தைக் கணக்கிட்டால் அவருக்குத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் அவர் பெயரைத் தாண்டி, வேறு ஆஸ்பத்திரியில் ஒரு வருடமே காத்திருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு டிரைவரம்மா பணிமனை ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

படிவத்தை அப்போதே நிரப்பி எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு ஓடினேன். படித்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். “நான் பாத்தேன் சிஸ்டர். லெட்டரப் பாத்தேன். செயலாளர் பாத்துருக்காரு, அவர் பாத்துப்பாருன்னு விட்டுட்டேன்” என்றார்.

“நானும்தான் டாக்டர்.”

“உடனே கூட்டம் போடணும். இதையும் நான் பாத்துக்கறேன்” என்று படிவத்தை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒன்பது நாள் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். யார் யார்? அதே ஐந்து பேர். வேலிக்கு ஓணான் சாட்சி. மூலகாரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மீன் முள்ளை வரைய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். டாக்டர் வெள்ளைப் பலகையில் முள் முள்ளாக வரைந்தார். மீனின் தலையில் டிரைவரம்மாவின் நோயாளி எண். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம்: தகவல் தொடர்பு, மென்பொருள், பணிச்சுமை, சூழல். ‘நாங்கள்’ என்று ஒரு முள் போடச் சொன்னேன். அது ‘மனித வளம்’ என்ற முள்ளிலேயே அடங்கும் என்றார் நிர்வாகி.

நாற்பத்து மூன்று பக்கத்தில் அறிக்கை. தட்டச்சு, பிழை திருத்தம், அட்டவணை எல்லாம் என் தலையில். பல் டாக்டரின் கடிதம் இணைப்பு ஒன்று. பொதுப் பெட்டியின் படம் இணைப்பு இரண்டு. ஒதுக்கீட்டு அலுவலகத்தின் அறிக்கை மூன்று. நான் நிரப்பிக் கொடுத்த படிவம் நான்கு. டாக்டரின் மேசையிலிருந்து நானே எடுத்துவந்து, நானே பின் போட்டேன். அட்டை நீலமா சாம்பலா என்று அரை நாள் பேசினார்கள்.

அந்த அம்மாவிடம் யார் சொல்வது என்ற பேச்சு எட்டாவது நாள்தான் வந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது? கடிதம் போதும் என்றார் நிர்வாகி. அவரே வாசகமும் எழுதியிருந்தார்: ‘தங்கள் காத்திருப்பு நிலை தொடர்பாக ஒரு செயல்முறை இடைவெளி ஏற்பட்டதை அறியத் தருகிறோம்.’ டாக்டர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மறுநாள் காலையில் டாக்டர் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், என் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “படிச்சுக் காட்டினேன் சிஸ்டர். ‘என் கிளாஸ்ல ஒருத்தன் கணக்கத் தப்பாப் போட்டுட்டு செயல்முறை இடைவெளின்னு சொன்னா, வெளில நிக்க வெப்பேன்’னுட்டா. வாங்க, நாமளே போய்ச் சொல்லிடலாம்.”

எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போது போய்விட்டது. சொல்லப்போனால் அவரை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. டயாலிசிஸ் அறையில் எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம். ஜன்னல் பக்கத்துக் கட்டில் டிரைவரம்மாவுடையது. இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் குழாயில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் காலடியில் நின்றேன்.

“அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். உங்க பேர பல்லுக்காக நிறுத்தி வெச்சோம் இல்லையா. பல்லு சரியானதும் திரும்பச் சேத்திருக்கணும். சேக்கல.”

“எவ்ளோ நாளா?”

“பத்து வாரத்துக்கு மேல.”

டிரைவரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுக்குள்ள ஏதாவது வந்துச்சா?” என்றார். கேள்வி எங்கே போகிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பதினைந்து வருடம் ரோட்டைப் பார்த்து ஓட்டியவர்.

“வந்துச்சும்மா. ஒண்ணு.”

“ஒத்து வர்றதா?”

“ஆமா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டு, பிறகு உயர்த்திக்கொண்டார். டிரைவரம்மா கண்ணைத் திறக்காமலே, “யாரு மறந்தது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் டாக்டர். “நானும்” என்றேன். எங்கள் அறிக்கையின் நாற்பத்து மூன்று பக்கத்தில் இல்லாத பதில் இது. இரண்டு பேருக்கும் அதைச் சொன்னதும் மனது லேசாகிப்போனது. உண்மையைச் சொல்லிவிட்டோம், தைரியமாக வந்துவிட்டோம், இனி அந்த அம்மா திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்து நின்றேன். இவ்வளவு நாள் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த வாய் எனக்கு. என்னைப் பார்த்து நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

டிரைவரம்மா திட்டவில்லை. கண்ணைத் திறந்து கேட்டார். “சரி, போனது போச்சு. இப்ப என் பேரு வரிசையில இருக்கு இல்ல?”

“இருக்கும்மா” என்றார் டாக்டர் உடனே. பிறகு என் பக்கம் திரும்பினார். “மாத்தியாச்சு இல்ல சிஸ்டர்?”



“நீங்கதானே டாக்டர் பாத்துக்கறேன்னீங்க.”

“படிவத்த நீங்க திரும்ப எடுத்துட்டுப் போனீங்களே. குழுவுக்கு அனுப்பத்தான்னு நெனச்சேன்.”

“அறிக்கைல சேக்கச் சொன்னாங்க. இணைப்பு நாலு.”

இதை அந்தக் கட்டிலின் குறுக்கே, அவர் காலுக்கு மேலே பேசிக்கொண்டோம். டிரைவரம்மா என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். ஒன்பது நாள் நாங்கள் அவரைப் பற்றியே பேசி, அவரைப் பற்றியே எழுதி, அவருடைய எண்ணை மீனின் தலையில் எழுதி வைத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் அவர் பெயர் நிறுத்தி வைத்தபடியேதான் இருந்தது.

“இப்பப் போடுங்க” என்றார். “நான் பாக்கறேன்.”

நர்ஸ் மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. அவர் கட்டிலிலிருந்து திரை தெரியும்படி திருப்பி வைத்தேன். டாக்டர் உட்கார்ந்தார். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது, சட்டைப்பையிலிருந்த நோட்டில் தேடி எடுத்தார். உள்ளே போனதும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. இயக்குநரான பிறகு அந்தப் பக்கத்தை அவர் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

“எங்க சிஸ்டர்?”

“எடது பக்கம். மூணாவது.”

அழுத்தினார். ‘உறுதியா?’ என்று கேட்டது. அதையும் அழுத்தினார். டிரைவரம்மாவின் பெயர் சாம்பல் நிறத்திலிருந்து கறுப்புக்கு மாறி, மேலே ஏறி, பட்டியலில் நாலாவது வரியில் போய் நின்றது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டிரைவரம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோதானா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா” என்றார் டாக்டர்.